பக்கவாதத்துக்குப் பிறகு யாரைப் பார்ப்பது? மறுவாழ்வு மருத்துவர்கள் இந்தியாவில் எங்கே இருக்கிறார்கள்?

முதலில் ஒன்று: பிசியோதெரபிஸ்ட் வேறு, மறுவாழ்வு மருத்துவர் வேறு. இவர் எம்.பி.பி.எஸ். முடித்து மூன்று வருடம் எம்.டி. பி.எம்.ஆர். (உடலியல் மருத்துவமும் மறுவாழ்வும்) படித்தவர். பக்கவாதம், தண்டுவடக் காயம், தலைக்காயம், கால் இழந்தவர்களுக்கான செயற்கைக் கால், குழந்தைகளின் பெருமூளை வாதம் எல்லாம் இவர் பார்ப்பவைதான். இறுகிப்போன தசைக்கு போடாக்ஸ் ஊசி போடுவது, தண்டுவடம் அடிபட்டவருக்குச் சிறுநீர் வெளியேற வழி செய்வது, படுக்கைப் புண் வராமல் காப்பது, இப்படிக் குடும்பத்தைத் தினமும் வாட்டும் விஷயங்களையும் இவர்தான் கவனிப்பார்.

ஆனால் இந்த மருத்துவர்கள் நாடு முழுக்கச் சமமாக இல்லை. மும்பை ஹாஜி அலியில் 1955-லேயே மத்திய அரசு இந்தத் துறைக்கென ஒரு நிறுவனம் தொடங்கியது. டெல்லியில் எய்ம்ஸ், சஃப்தர்ஜங், பெங்களூரில் நரம்புசார்ந்த மறுவாழ்வுக்கு நிம்ஹான்ஸ், அப்புறம் கேரளத்து அரசு மருத்துவக் கல்லூரிகள். நம் பக்கம் சென்னை கே.கே. நகர் அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையம், வேலூர் சி.எம்.சி. வேலூர் மையத்தை 1966-இல் உருவாக்கிய டாக்டர் மேரி வர்கீஸ், 1954 விபத்தில் கால்கள் செயலிழந்து சக்கர நாற்காலியிலிருந்தே அறுவை சிகிச்சை செய்தவர், அவரைப் பற்றி இன்னும் நிறையப் பேர் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது என் ஆசை.

மாவட்ட ஊர்களில் இவர்கள் கிடைப்பது கஷ்டம்தான். அதனால் டிஸ்சார்ஜ் ஆகும் முன்பே நரம்பியல் மருத்துவரிடம் பி.எம்.ஆர். துறைக்குப் பரிந்துரைக் கடிதம் கேட்டு வாங்கிவிடுங்கள், முதல் சில மாதங்களில்தான் முன்னேற்றம் அதிகம், அதைத் தள்ளிப்போடாதீர்கள்.