வாசலில் உறைபனி: படம் முதல் நாள் ராத்திரியே தொடங்குகிறது

கேள்வி: ஆறு மாதம் முன்பு மதுரையிலிருந்து மாறுதலாகி வந்து ஊட்டிக்கு அருகே தலைகுந்தா பக்கம் குடியிருக்கிறோம். போன வாரம் காலையில் கதவைத் திறந்தால் வீட்டைச் சுற்றி வெள்ளை வெளேரென்று பனி கொட்டிக் கிடந்தது. செல்போனிலும், புதிதாக வாங்கிய மிரர்லெஸ் கேமராவிலும் படம் எடுத்தேன். எல்லாம் அழுக்குச் சாம்பலாக, நீலம் பாரித்து வந்திருக்கின்றன. செல்போன் நடுவில் அணைந்துவிட்டது. கேமராவைத் தயார் செய்வதற்குள் பாதிப் பனி உருகிவிட்டது. எட்டு வயது மகள், "காஷ்மீர் மாதிரி இங்கேயும் ஸ்னோ விழுமா, அதில் விளையாடலாமா?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள். அடுத்த முறை என்ன செய்யலாம்?

பதில்: மகளின் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். அதற்கான பதிலில்தான் உங்கள் படங்களுக்கான பதிலும் இருக்கிறது.

காஷ்மீரின் குல்மார்க்கில் விழுவது மேகத்துக்குள்ளேயே உருவாகிக் கீழே இறங்கும் பனி. உங்கள் வாசலில் கிடந்தது உறைபனி. அது வானத்திலிருந்து கொட்டவில்லை. காற்றில் இருந்த ஈரம், குளிர்ந்துபோன புல்லின் மேல் நேராகப் பனிக்கட்டியாகப் படிந்து, அங்கேயே வளர்ந்தது. தமிழில் எல்லாவற்றையும் 'பனி' என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறோம். ஊட்டியில் பிரித்துச் சொல்வார்கள்: மழை ஓய்ந்ததும் புல்நுனியில் முத்துமுத்தாக நிற்பது நீர்ப்பனி, அதன்பின் டிசம்பர், ஜனவரியில் வெள்ளையாகப் பிடிப்பது உறைபனி. ஏப்ரல், மே மாதத்தில் சில நாள் தரை வெளுப்பது ஆலங்கட்டி மழையால்; அது வேறு கதை.

விழுவதில்லை, வளர்கிறது என்பதை மனதில் வைத்துக்கொண்டால் எங்கே, எப்போது போய் நிற்க வேண்டும் என்பது தானாக விளங்கும். பகலில் வாங்கிய சூட்டைத் தரை ராத்திரி முழுக்க வானத்துக்கு விட்டுக்கொண்டே இருக்கிறது. மேகம் இருந்தால் அது போர்வை மாதிரி அந்தச் சூட்டில் ஒரு பகுதியைத் திருப்பி அனுப்பும். மேகமில்லாமல், காற்றும் அசையாமல் இருந்தால் புல்லும் கார் கூரையும் கம்பிவேலியும் சுற்றியுள்ள காற்றைவிடக் கூடுதலாகக் குளிர்ந்துவிடும். வானிலைக்காரர்கள் அளப்பது தரையிலிருந்து சுமார் 1.2 மீட்டர் உயரத்தில், பெட்டிக்குள் இருக்கும் காற்றின் வெப்பநிலையை. அது 3 டிகிரி காட்டும் காலையில் புல்தரை பூஜ்யத்துக்குக் கீழே இருக்கலாம். செய்தியில் 'குறைந்தபட்சம் 3 டிகிரி' என்று வந்தால் பனி இருக்காது என்று போர்வைக்குள் போய்விடாதீர்கள்.

குளிர்ந்த காற்று கனமானது. தண்ணீர் மாதிரியே சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். தொட்டபெட்டா 2,637 மீட்டர், ஊட்டி நகரம் 2,240 மீட்டர்; உயரத்தைப் பார்த்தால் உச்சியில்தான் வெள்ளை அதிகம் இருக்க வேண்டும். ஆனால் கனமாகப் பிடிப்பது தலைகுந்தா, காந்தள், குதிரைப் பந்தய மைதானம், தாவரவியல் பூங்காவின் புல்வெளி, காமராஜ் சாகர் அணை ஓரம், அவலாஞ்சி மாதிரியான தாழ்வான, திறந்த இடங்களில். கொடைக்கானலிலும் கீழ்பூமி, ஜிம்கானா, பாம்பார்புரம் பக்கம்தான் முதலில் வெளுக்கும். அந்தப் பள்ளங்களில் ஒன்றில் நீங்கள் குடியிருக்கிறீர்கள். கோயம்புத்தூரிலிருந்து நடுராத்திரி கிளம்பி வருகிறவர்கள் தேடுவது உங்கள் வாசலில் இருக்கிறது. அதனால் வண்டி எடுத்துக்கொண்டு எங்கும் போக வேண்டாம் என்பதுதான் என் முதல் ஆலோசனை. விடியாத நேரத்தில் பனி பிடித்த ரோடு வழுக்கும். காட்டெருமையும் கரடியும் நடமாடும் நேரமும் அதுதான். ஊரைத் தாண்டியுள்ள புல்வெளி பல இடங்களில் வனத்துறையின் இடம், அனுமதியில்லாமல் இறங்கக் கூடாது.

சரி, பனி வருமா என்று முதல் நாளே எப்படித் தெரிந்துகொள்வது? மழை விட்டு இரண்டு மூன்று நாள் ஆகி, பகலில் வானம் கழுவிவிட்ட மாதிரி நீலமாக இருந்து, சாயங்காலம் காற்று அடங்கினால் பாதி உறுதி. ராத்திரி ஒன்பது மணிக்கு வெளியே வந்து ஸ்கூட்டர் சீட்டைத் தொட்டுப் பாருங்கள். அது ஏற்கெனவே ஈரமாக இருந்து, தலைக்கு மேலே நட்சத்திரம் தெளிவாகத் தெரிந்தால் அலாரம் வைத்துவிடலாம். நடுராத்திரிக்கு மேல் மேகம் கவிந்தால் பனி கைக்கு வராது. அதற்கு ஒன்றும் செய்ய முடியாது.

அதே ராத்திரியில் டார்ச் அடித்து வீட்டைச் சுற்றி ஒரு நடை நடந்துவிடுங்கள். மரத்தடியில் பனி பிடிக்காது, மரத்தின் தழை அங்கே மேகத்தின் வேலையைச் செய்கிறது. சுவர் ஓரத்திலும் குறைவு. நடு முற்றம், காய்கறிப் பாத்தி, வேலிக்கம்பி, வெட்டவெளியில் விட்ட மரப்பலகை, இவைதான் உங்கள் இடங்கள். சூரியன் எந்தப் பக்கத்திலிருந்து வரும், எந்த மூலைக்கு முதலில் வெயில் விழும் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். கேமராவை அப்போதே தயார் செய்து வையுங்கள்: சார்ஜ், மெமரி கார்டு, டிரைபாடில் மாட்டுவது எல்லாம். காலையில் விரல் மரத்துப்போன பிறகு அந்த வேலைகளைச் செய்யவே முடியாது. பாதிப் பனியை நீங்கள் இழந்தது அங்கேதான்.

ஜனவரியில் நம் பக்கம் சூரிய உதயம் 6.45 மணிவாக்கில். 6.15க்கு வெளியே நின்றுவிடுங்கள். உதயத்துக்கு முன் அரை மணி நேரம் வெளிச்சம் நீலமாக, நிழலே இல்லாமல் பரவியிருக்கும். முற்றம் முழுவதும் தெரியும் பெரிய படத்தை அப்போது எடுங்கள். வெயில் மலையைத் தாண்டி முற்றத்தைத் தொட்ட பின் உங்களுக்குக் கிடைப்பது பத்து, பதினைந்து நிமிடம்தான். அந்த நேரத்தை முழுக்கக் கிட்டப் படங்களுக்கு ஒதுக்குங்கள்.

இப்போது சாம்பல் நிறத்துக்கு வருகிறேன். கேமராவோ செல்போனோ, பார்க்கிற காட்சி சராசரியாக நடுத்தரச் சாம்பல் என்று கணக்குப் போட்டுத்தான் வெளிச்சத்தை முடிவு செய்கிறது. முன்னால் முழுக்க வெள்ளை இருந்தால், வெளிச்சம் அதிகம் என்று நினைத்துக் குறைத்துவிடும். கேமராவில் பிளஸ், மைனஸ் போட்ட எக்ஸ்போஷர் காம்பென்சேஷன் பட்டனைத் தேடுங்கள். காஷ்மீர் மாதிரி முழு வெள்ளைக்கு ஒன்றரை, இரண்டு ஸ்டாப் வரை ஏற்றுவார்கள் (ஒரு ஸ்டாப் ஏற்றினால் வெளிச்சம் இரண்டு மடங்கு). நம் உறைபனியில் பச்சையும் பழுப்பும் இடையிடையே தெரியும் என்பதால் அவ்வளவு வேண்டாம். ஒரு ஸ்டாப்பில் மூன்றில் இரண்டு பங்கு, அதிகம் போனால் ஒரு முழு ஸ்டாப் போதும். செல்போனில் வெள்ளையான இடத்தைத் தொட்டு, பக்கத்தில் வரும் சூரியக் குறியை மேலே இழுத்தால் அதே வேலைதான். கூடவே, வெள்ளையில் பனியின் அமைப்பு அழிந்துபோகாமல் இருக்கிறதா என்று திரையில் பெரிதாக்கிப் பாருங்கள். அழிந்த வெள்ளையை எந்த ஆப்பாலும் திரும்பக் கொண்டுவர முடியாது.

நீலம் தப்பே இல்லை. வெயில் படாத இடத்தில் பனிக்குக் கிடைக்கும் வெளிச்சம் நீல வானத்திலிருந்து வருவது, அதனால் பனியும் நீலமாகத்தான் இருக்கும். நம் கண் பழகிவிடுவதால் நமக்குத் தெரிவதில்லை. வெளிச்சத்துக்கு ஏற்ப நிறத்தைச் சரிசெய்யும் ஒயிட் பேலன்ஸை 'நிழல்' அல்லது 'மேகம்' என்ற அமைப்பில் வைத்தால் நீலம் அடங்கும். முழுக்கத் துடைத்துவிடாதீர்கள். கொஞ்சம் நீலம் இருந்தால்தான் பார்க்கிறவருக்குக் குளிர் தெரியும். கேமரா பதிவு செய்ததை அப்படியே வைத்திருக்கும் ரா ஃபைலாக எடுத்தால் இதையெல்லாம் பிறகு கம்ப்யூட்டரில் நிதானமாகச் சரிசெய்துகொள்ளலாம்.

உறைபனியில் எனக்குப் பிடித்த படங்கள் எல்லாம் முழங்கால் போட்டு எடுத்தவை. ஒரு கேரட் இலையை அருகில் போய்ப் பாருங்கள். ஏற்கெனவே சரிகை மாதிரி இருக்கும் அந்த இலையின் ஒவ்வொரு பிரிவின் விளிம்பிலும், ஊசி ஊசியாக, ஒரு மில்லிமீட்டர் உயரத்துக்குப் பனி நிற்கும். நடு இலையில் குறைவு, ஓரத்தில் அடர்த்தி. முட்டைக்கோஸில் நரம்புகள் மட்டும் கோலம் போட்ட மாதிரி வெளுத்திருக்கும். ரோஜாவின் முள் ஒவ்வொன்றுக்கும் வெள்ளைத் தொப்பி. இதையெல்லாம் சூரியனுக்கு எதிராக நின்று எடுங்கள், அதாவது சூரியன் உங்களுக்கு முன்னால், செடிக்குப் பின்னால். முதுகில் வெயில் வாங்கி எடுத்தால் பனி சுண்ணாம்பு பூசிய மாதிரி தட்டையாகிவிடும்; எதிர்வெயிலில் ஒவ்வொரு ஊசியும் உள்ளிருந்து எரியும். பின்னணியில் வெயில் படாத, இருட்டான ஓரம் இருக்கட்டும். மூச்சைப் பிடித்துக்கொள்ளுங்கள், உங்கள் ஒரு மூச்சுக்காற்று போதும் அந்த இலையை உருக்க. லென்ஸின் துவார அளவு எஃப் 8, ஒளி உணர்திறன் ஐஎஸ்ஓ 400, ஷட்டர் வேகம் 1/125 நொடிக்குக் குறையாமல் என்று தொடங்கி, அங்கிருந்து தேவைக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

இன்னொரு படம் ஏழரை மணிக்கு மேல் கிடைக்கும், பலரும் கேமராவை மூடி வைத்த பிறகு. வெயில் பட்ட புல் பச்சையாகிவிடும். உங்கள் வீட்டின் நிழல் விழுந்த இடத்தில் மட்டும் பனி உருகாது. ஓட்டுக்கூரையின் கோடும் புகைபோக்கியும் அப்படியே புல்லில் வெள்ளையாகப் படுத்திருக்கும். சூரியன் ஏற ஏற அந்த வெள்ளை வீடு விளிம்பிலிருந்து கரைந்துகொண்டே வரும். மாடியிலிருந்து, ஒரே இடத்தில் டிரைபாட் வைத்து, ஐந்து நிமிடத்துக்கு ஒரு படம் என எடுங்கள்.

செல்போன் அணைந்தது பழுதில்லை. குளிரில் லித்தியம் பேட்டரிக்குள் நடக்கும் வேதிவினை மந்தமாகி, மின்னழுத்தம் இறங்கிவிடும். உள்சட்டைப் பையில் உடம்புச் சூட்டில் வைத்திருந்து, எடுக்கும்போது மட்டும் வெளியே எடுங்கள். கேமராவின் உபரி பேட்டரிக்கும் அதுவே இடம்.

அதைவிட முக்கியம், திரும்பி உள்ளே வரும்போது செய்ய வேண்டியது. குளிர்ந்த கேமராவைச் சூடான அறைக்குள் கொண்டுவந்தால், அறையின் ஈரம் லென்ஸின் மேலும், சமயத்தில் உள்ளேயும் நீராகப் படியும். பல வருடம் முன்பு உறைபனி எடுத்துவிட்டு நேராகச் சமையலறையில் அடுப்புப் பக்கம் போய் நின்றிருக்கிறேன். லென்ஸுக்குள் மூடுபனி கட்டியது. துடைத்துப் பெட்டியில் வைத்துவிட்டேன். அடுத்த மழைக்காலம் முடிந்து எடுத்துப் பார்த்தபோது கண்ணாடிக்குள் சிலந்தி வலை மாதிரி பூஞ்சை படர்ந்திருந்தது. அந்த லென்ஸ் போனதுதான். வெளியிலேயே கேமராவை ஒரு ஜிப் கவரில் போட்டு, காற்றை அழுத்தி வெளியேற்றி மூடிவிட்டு உள்ளே எடுத்து வாருங்கள். முக்கால் மணி நேரம், ஒரு மணி நேரம் பொறுத்துத் திறந்தால் நீர் கவரின் மேல் படிந்திருக்கும், லென்ஸ் காய்ந்திருக்கும். நம் மலையில் வருடம் முழுக்கவே லென்ஸைச் சிலிக்கா ஜெல் போட்ட இறுக்கமான டப்பாவில்தான் வைக்க வேண்டும்.

கார் கண்ணாடியில் பிடித்த பனிக்கு வெந்நீர் ஊற்றாதீர்கள், விரிசல் விடும். பழைய ஏடிஎம் கார்டால் சுரண்டினால் வந்துவிடும். ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன்: குளிர் தாங்கவில்லை என்று கரித் தணலை மூடிய அறைக்குள் வைத்துவிட்டுத் தூங்காதீர்கள். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்ஸைடுக்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும்.

பனிப் புல்லில் மகள் ஓடினால் பனி திரும்ப வராது, புல்லும் போய்விடும். உறைந்த புல்லை மிதித்தால் அதன் செல்கள் உடைந்து, இரண்டு நாளில் ஒவ்வொரு காலடியும் பழுப்புத் தடமாகத் தெரியும். தாவரவியல் பூங்காவில் இந்த மாதங்களில் மலர்ச்செடிகளைக் கோத்தகிரி மிலார் கிளைகளால் மூடி வைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள், அவ்வளவு நாசூக்கானவை அவை. பக்கத்து வீட்டுக்காரரின் பாத்திக்குள் இறங்குவதற்கு முன் அவரிடம் கேட்டுவிடுங்கள். நமக்குப் படம், அவருக்கு அது நஷ்டம். உறைபனி பிடித்த தேயிலையில் வெயில் பட்டதும் கொழுந்து கருகிவிடும். அந்தக் கருகிய கொழுந்தையும் மத்தியானம் ஒரு படம் எடுத்து வையுங்கள். காலைப் படத்தோடு சேர்ந்தால்தான் நீலகிரியின் பனி முழுதாகும்.

மகளுக்கு நான் சொல்லும் விளையாட்டு இது. அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் ஜெரிக்கோ என்ற ஊரில் வில்சன் பென்ட்லி என்று ஒரு விவசாயி இருந்தார். தன் பண்ணை வீட்டிலேயே, விழும் பனித்துகளைக் கறுப்புப் பலகையில் பிடித்து, மைக்ராஸ்கோப்போடு கேமராவை இணைத்து 1885இல் முதல் பனித்துகளைப் படமெடுத்தார். வாழ்நாளில் ஐயாயிரத்துக்கும் மேல் எடுத்தார். நமக்கு விழாது, வளரும். ஆனால் கறுப்புப் பலகை நமக்கும் உதவும். ஒரு டப்பாவின் தகர மூடிக்குக் கறுப்பு பெயிண்ட் அடித்து, நன்றாகக் காய்ந்த பின், தெர்மாகோல் துண்டின் மேல் வைத்து முற்றத்தின் நடுவில் ராத்திரி விட்டுவிடச் சொல்லுங்கள். தரையின் சூடு மூடிக்கு ஏறாமல் தெர்மாகோல் தடுக்கும். பக்கத்திலேயே கொஞ்சம் வைக்கோல் பரப்பி, அதன் மேல் மண் அகல் ஒன்றில் விரல் கனத்துக்குத் தண்ணீர் ஊற்றி வைக்கட்டும். ஃப்ரிட்ஜ் வராத காலத்தில் வட இந்தியச் சமவெளியில் குளிர்கால ராத்திரிகளில் இப்படித்தான் ஐஸ் எடுத்தார்கள். காலை ஆறரைக்குக் கம்பளியும் குல்லாவும் போட்டு, கையில் ஒரு பூதக்கண்ணாடியைக் கொடுத்து அவளை வெளியே அனுப்புங்கள். அகலில் ஐஸ் பிடித்திருந்தால் அவள் கையில் எடுத்துக்கொள்ளலாம். மூடியில் முளைத்திருக்கும் ஊசிகளை, அவள் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கும்போது, வெயில் வருவதற்குள் நீங்கள் எடுத்துவிடுங்கள்.