டெம்ப்ளேட் கிளாஸின் உடலைத் தனி சிபிபி ஃபைலில் வைத்தால் லிங்க்கர் ஏன் திட்டுகிறது?

கேள்வி: "சி++ல் ஸ்டாக் என்று ஒரு டெம்ப்ளேட் கிளாஸ் எழுதினேன். அறிவிப்பை ஹெட்டரிலும், புஷ், பாப் இரண்டின் உடலை ஸ்டாக் டாட் சிபிபியிலும் வைத்தேன். தனித்தனியாக கம்பைல் ஆகிறது. கடைசியில் எல்லாவற்றையும் ஒன்றாகக் கோக்கும் லிங்க்கரில் மட்டும் 'அன்டிஃபைன்டு ரெஃபரன்ஸ்' என்று எர்ரர். சாதாரண கிளாஸுக்கு இப்படி வந்ததே இல்லையே?"

முதலில் வைத்தியம். சிபிபியில் இருப்பதை அப்படியே தூக்கி ஹெட்டரின் அடியில் போடுங்கள், எர்ரர் போய்விடும். நாளைக்கு ரெக்கார்ட் நோட்டு வைக்க வேண்டும் என்றால் இத்தோடு எழுந்து போகலாம்.

காரணம் வேண்டுமென்றால்: டெம்ப்ளேட் கிளாஸ் என்பது இன்னும் கிளாஸ் ஆகாத ஒன்று. லாரியில் எழுத்து அடிக்க பெயின்டர் வைத்திருக்கிற வெட்டுத் தகடு மாதிரி. தகடு கடையில் இருக்கிறது என்பதால் வண்டியில் எழுத்து வந்துவிடாது.

கம்பைலர் ஒவ்வொரு சிபிபியையும் தனியாகத்தான் பார்க்கும். ஒன்றைப் பார்க்கும்போது அடுத்ததில் என்ன இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. மெயின் டாட் சிபிபியில் ஸ்டாக்<இன்ட்> என்று கேட்கிறீர்கள். அங்கே இன்ட் தெரியும், உடல் தெரியாது. சரி, வேறெங்கோ இருக்கும், லிங்க்கர் பார்த்துக்கொள்ளும் என்று அது நகர்ந்துவிடும். ஸ்டாக் டாட் சிபிபியில் உடல் முழுக்க இருக்கிறது, ஆனால் இன்ட்டுக்கு வேண்டும் என்று அங்கே யாரும் கேட்கவில்லை. கேட்காததை அது செய்யாது. அதை கம்பைல் செய்து வந்த ஆப்ஜெக்ட் ஃபைலைத் திறந்து பார்த்தால் புஷ்ஷும் இருக்காது, பாப்பும் இருக்காது. பாவம், லிங்க்கர் மட்டும் என்ன செய்யும்?

நீங்கள் எதிர்பார்த்ததில் தப்பில்லை. 1998ல் வந்த முதல் ஐஎஸ்ஓ தரத்தில் இதற்கென்றே 'எக்ஸ்போர்ட்' என்று ஒரு வசதி இருந்தது. செய்து முடிப்பதற்குள் கம்பைலர்காரர்களுக்குத் தாவு தீர்ந்துவிடும் அளவுக்குச் சிக்கல். ஜிசிசி கம்பைலர் அதைத் தொடவே இல்லை. 2011 தரத்தில் அந்த வசதியை எடுத்தே விட்டார்கள்.

கல்லூரிப் பாடத்தில் சொல்லித்தராத ஒரு சங்கதி இருக்கிறது. டெம்ப்ளேட் எழுதும்போது, வகையின் இடத்தில் நிற்கிற அந்த 'டி' என்னென்ன செய்யத் தெரிந்ததாக இருக்க வேண்டும் என்று நீங்கள் சத்தமில்லாமல் நிபந்தனை போடுகிறீர்கள். ஹெட்டர் பிரச்சினையை ஒரு நாளில் பழகிவிடலாம், இதுதான் ரொம்ப நாள் படுத்தும்.

நான் வேலை பார்ப்பது திருவொற்றியூர்–பொன்னேரி–பஞ்செட்டி சாலையோரம் ஒரு கன்டெய்னர் யார்டின் மென்பொருளில். கேட்டில் எடை மேடை. வண்டி ஏறினதும் மேடையிலிருந்து சீரியல் போர்ட் வழியாக எடை வந்துகொண்டே இருக்கும், ஆனால் எஞ்சின் உதறலில் எண் நிற்காது. "வண்டி நின்னுகினு கீது சார், நம்பர் மட்டும் ஆடிக்கினே கீது" என்று மேடைக்காரர் குரல் கொடுப்பார். அதனால் கடைசி 8 அளவுகளை வைத்துக்கொண்டு, அவற்றுக்குள் வித்தியாசம் குறைந்த பிறகு சராசரியை எடுக்கிறோம். இதற்கு ஒரு கிளாஸ்: வரிசை<டபிள், 8>. உள்ளே டி வகையில் 8 இடமுள்ள சாதாரண அர்ரே. ஆமாம், வகை மட்டுமல்ல, எண்ணையும் டெம்ப்ளேட்டுக்குக் கொடுக்கலாம். அளவு கம்பைல் ஆகும்போதே தெரிவதால் நியூ, டிலீட் எதுவும் வேண்டாம். ஆனால் வரிசை<டபிள், 8> வேறு, வரிசை<டபிள், 16> வேறு. ஒன்றை வாங்கும் ஃபங்ஷனுக்கு மற்றதைக் கொடுத்தால் ஏற்காது.

அதே கிளாஸை உள்ளே வந்த கன்டெய்னர் எண்களுக்கும் வைத்துக்கொள்ளலாம் என்று தோன்றும். கன்டெய்னர் எண் என்பது 4 எழுத்து, 6 இலக்கம், கடைசியில் ஒரு சோதனை இலக்கம், ஆக மொத்தம் 11. முன்னால் இருக்கிற 10-ஐ வைத்துக் கணக்குப் போட்டால் அந்தக் கடைசி இலக்கம் வர வேண்டும். எங்கள் கன்டெய்னர்எண் கிளாஸின் கன்ஸ்ட்ரக்டர் அதைச் சரிபார்க்கும். அதனால் வெறும் எண்ணை, அதாவது எதுவும் கொடுக்காமல் ஒரு ஆப்ஜெக்ட்டை, உருவாக்கவே முடியாது. இப்போது வரிசை<கன்டெய்னர்எண், 8> என்று எழுதிப் பாருங்கள். 8 இடமுள்ள அர்ரே என்றால் 8 ஆப்ஜெக்ட்டையும் இப்போதே கட்டியாக வேண்டும், கட்ட வழியில்லை. கம்பைலர் ஒரு பக்கத்துக்கு எர்ரரைக் கொட்டும். அர்ரேக்குப் பதில், தேவைக்கேற்ப வளரும் வெக்டர் வைத்துக்கொண்டு, வர வர உள்ளே தள்ளினால் தீரும்.

சராசரி விஷயம் இன்னும் வேடிக்கை. கன்டெய்னர் எண்ணைக் கூட்டி வகுக்க முடியாது. இருந்தாலும் சராசரி என்ற மெம்பர் கிளாஸில் இருப்பதாலேயே எர்ரர் வராது, ஏனென்றால் கூப்பிடாத மெம்பரின் உடலை கம்பைலர் உருவாக்குவதில்லை. என்றைக்கோ ஒருநாள் யாராவது கூப்பிடும்போதுதான் வெடிக்கும்.

உடலை சிபிபியில் வைத்தே தீருவேன் என்றால் அதற்கும் வழி உண்டு. ஸ்டாக் டாட் சிபிபியின் கடைசியில் 'டெம்ப்ளேட் கிளாஸ் ஸ்டாக்<இன்ட்>;' என்று ஒரு வரி. இன்ட்டுக்கு எல்லாவற்றையும் இங்கேயே உருவாக்கு என்று பொருள். பயன்படுத்தும் வகைகள் இரண்டு மூன்றுதான், அவையும் மாறாது என்றால் நல்ல வழி, பெரிய புராஜெக்ட்டில் கம்பைல் நேரமும் மிச்சம். ஆனால் இந்த வரி எல்லா மெம்பரையும் உருவாக்கும், கூப்பிடாததையும் சேர்த்து. மேலே சொன்ன சராசரி அப்போதே மாட்டிக்கொள்ளும். சி++20 இருந்தால் அந்த மெம்பருக்கு மட்டும் 'ரெக்வயர்ஸ்' போட்டு, வகுக்க முடிகிற வகைக்கு மட்டும் என்று எழுதிவிடலாம். நிபந்தனை பொருந்தாத மெம்பரை அந்த வரி விட்டுவிடும்.

டெம்ப்ளேட் எர்ரரைப் பார்த்து மிரள வேண்டாம். ஜிசிசியில் 'ரிக்வயர்டு ஃப்ரம் ஹியர்' என்று முடிகிற வரியைத் தேடுங்கள். பெரும்பாலும் அது உங்கள் ஃபைலில், உங்கள் வரியைத்தான் காட்டும். மற்றதெல்லாம் லைப்ரரியின் உள்வீட்டு விவகாரம்.

உங்கள் ஸ்டாக்குக்கு நான் செய்வது: முதலில் வெறும் இன்ட்டுக்கு எழுதி, ஓட்டி, சரிபார்த்துவிடுவேன். அப்புறம்தான் இன்ட் இருக்கும் இடத்தில் டி. ஆனால் எல்லா இன்ட்டையும் மாற்றிவிடாதீர்கள். 'எத்தனை இருக்கிறது' என்று எண்ணுகிற இன்ட் அப்படியே இருக்கட்டும். ஒரேயடியாக மாற்றிவிட்டு, ஸ்ட்ரிங் ஸ்டாக்கின் அளவும் ஸ்ட்ரிங்காக வருகிறது என்று இங்கே வந்து கேட்பவர்கள் நிறைய.