காபித்தூளும் நாயும்: கால்நடை மருத்துவர் பதில்கள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் காபி சமாச்சாரம். மற்றவர்கள் அடுத்த முறைக்குப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: டம்ளரில் மீந்த காபியை எங்கள் லாப்ரடார் நக்கிவிட்டது. 32 கிலோ இருக்கும். பயப்பட வேண்டுமா? (லாஸ்பேட்டை)

பதில்: எடையைச் சொன்ன புண்ணியவான் நீங்கள் ஒருவர்தான். ஒன்றும் ஆகாது. நாய்க்கு ஆகாதது காபியில் இருக்கும் காஃபீன்தான். முழு டம்ளர் பில்டர் காபியிலேயே அது 100 மி.கி. போலத்தான் இருக்கும். நாயின் எடையில் கிலோவுக்கு 20 மி.கி. சேர்ந்தால் வாந்தி, படபடப்பு. 40, 50 என்றால் இதயம் தாறுமாறாக ஓடும். 60-ஐத் தொட்டால் வலிப்பு. இதே டம்ளரை 5 கிலோ ஸ்பிட்ஸ் காலி செய்திருந்தால் என் பதில் வேறு.

கேள்வி: சார், நாய் காபித்தூள் தின்றுவிட்டது. என்ன செய்ய? (ஊர் இல்லை)

பதில்: ஊர் மட்டுமா இல்லை? நாயின் எடை இல்லை, எவ்வளவு தூள், எப்போது தின்றது, எதுவும் இல்லை. இதற்குக் கடிதம் எழுதிவிட்டுக் காத்திருப்பார்களா? அரை மணியிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் ஆட்டம் ஆரம்பித்துவிடும். இன்ஸ்டன்ட் தூளில் கிராமுக்கு 30 மி.கி. காஃபீன். பத்து கிராம் போதும், 5 கிலோ நாய்க்கு வலிப்பு வர. பாக்கெட்டையும் எடுத்துக்கொண்டு ஓடுங்கள். புதுச்சேரிக்காரர்களுக்குக் குரும்பாபேட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. வாந்தி எடுக்கட்டும் என்று வீட்டில் உப்புத் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

கேள்வி: நாம் தினமும் மூன்று வேளை குடிக்கிறோமே, நாய்க்கு மட்டும் ஏன் விஷம்?

பதில்: 60 கிலோ ஆள் ஒரு டம்ளர் குடித்தால் கிலோவுக்கு 2 மி.கி.கூட வராது. நீங்கள் பாக்கெட்டைக் கிழித்துத் தூளோடு தின்பதில்லை. அது தின்னும்.

கேள்வி: டிகாக்‌ஷன் இறங்கிய சக்கையை ரோஜாத் தொட்டியில் போடுகிறேன். நாய் தோண்டுகிறது. சத்தெல்லாம் இறங்கிவிட்டதால் பரவாயில்லைதானே? (மஞ்சக்குப்பம்)

பதில்: வந்துவிட்டீர்களா! இந்த மாடித் தோட்டக்காரர்களிடம் சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டை வறண்டுபோச்சு. சத்தெல்லாம் இறங்கிவிட்டது என்றால், விருந்தாளி வந்ததும் அதே பில்டரில் மறுபடி வெந்நீர் ஊற்றி இரண்டாம் டிகாக்‌ஷன் எடுக்கிறீர்களே, அது எங்கிருந்து வருகிறது? மீதிக் காஃபீன் சக்கையில்தான் இருக்கிறது. வெறும் சக்கை என்றால் பல நாய்கள் முகர்ந்துவிட்டுப் போய்விடும். நீங்கள் அதோடு எலும்புத் தூள், கடலைப் புண்ணாக்கு, மீன் கழுவிய தண்ணீர் எல்லாம் சேர்த்து விருந்தே வைக்கிறீர்கள்.

தேவனாம்பட்டினத்திலிருந்து ஓர் இரவு ஒரு பொடி நாயை, ஏழெட்டு கிலோ இருக்கும், வண்டியின் முன்னால் துண்டில் சுற்றிக்கொண்டு வந்தார்கள். கால்கள் விறைத்து வெட்டி வெட்டி இழுக்கின்றன. காது மடல் சுடுகிறது, ஜுரம் 105. ஸ்டெதஸ்கோப்பை வைத்தால் துடிப்பை எண்ண முடியவில்லை, 200-க்கு மேல். "காபியே கொடுத்ததில்லை சார்" என்று அந்த அம்மா சத்தியம் செய்கிறார். உதட்டை விலக்கிப் பார்த்தால் பல்லிடுக்கில் கறுப்பாகச் சக்கை, கூடவே முட்டை ஓடு. நான்கு நாள் சக்கையைச் சேர்த்துவைத்து அன்று காலைதான் தொட்டியில் கொட்டியிருக்கிறார். இதற்கு முறிவு மருந்து கிடையாது. வலிப்பை டயஸிபாம் அடக்கும், இதயத்துக்குத் தனி ஊசி, மற்றபடி ட்ரிப் ஏற்றிக் காத்திருக்க வேண்டியதுதான். விடியும்வரை உட்கார்ந்திருந்தோம், பிழைத்தது. சக்கையை மூடி போட்ட வாளியில் போடுங்கள். ரோஜா அது இல்லாமலும் பூக்கும்.

கேள்வி: நாங்கள் வாங்குவது சிக்கரி கலந்த தூள். ஆபத்து குறைவா?

பதில்: சிக்கரியில் காஃபீன் இல்லை. 40 சதவீதம் சிக்கரி என்றால் மீதி 60 காபி. கணக்கு அவ்வளவுதான்.

கேள்வி: தலைவலி மாத்திரை அட்டையைக் கடித்துவிட்டது. (நெல்லிக்குப்பம்)

பதில்: பல தலைவலி மாத்திரைகளில் காஃபீனும் பாராசிட்டமாலும் சேர்ந்தே இருக்கும். இரண்டாவது கல்லீரலைக் கெடுக்கும். எத்தனை மாத்திரை குறைகிறது என்று எண்ணி, அட்டையோடு கிளம்புங்கள்.

கேள்வி: உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கலாம் என்கிறாரே எங்கள் பக்கத்து வீட்டுக்காரர்?

பதில்: அவரைக் குடிக்கச் சொல்லுங்கள். உப்பு ரத்தத்தில் ஏறினால் அதற்கே தனியாக வலிப்பு வரும். தின்று ஒரு மணி நேரத்துக்குள், நாய் தெளிவாக இருந்தால், வாந்திக்கு நாங்கள் ஊசி போடுவோம். பிறகு விஷத்தை உறிஞ்சும் மருந்துக் கரி கொடுப்போம். அடுப்புக் கரி இல்லை.

கேள்வி: சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்துவிட்டோம். அடிக்கடி வெளியே கூட்டிப் போகச் சொன்னார்கள். எதற்கு?

பதில்: சரியாகத்தான் சொன்னார்கள். காஃபீன் மூத்திரப்பையிலிருந்து திரும்ப ரத்தத்துக்குப் போகும். பாதி குறையவே நாலைந்து மணி நேரம் ஆகும். அதனால் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் தெருவுக்கு.

கேள்வி: கடற்கரைச் சாலைப் பக்கம் தெரு நாய்களுக்கு டீயில் நனைத்த பிஸ்கட் போடுகிறேன்.

பதில்: அதில் ஒட்டும் டீ ஒரு சொட்டு, ஒன்றும் செய்யாது. நனைக்காமலே போடலாமே. சாக்லேட் பிஸ்கட் மட்டும் வேண்டாம்.