டர்போ வைக்கப்போகும் பழைய எஸ்டீமுக்கு எந்த ஈசியு (எஞ்சினை நடத்தும் கம்ப்யூட்டர்) வாங்கலாம்?

உங்களுடையது 2003 மாருதி எஸ்டீம். 1.3 எஞ்சினில் சின்ன டர்போ, அரை பார் பூஸ்ட் (டர்போ கூடுதலாகத் திணிக்கும் காற்றழுத்தம்), டிராக்கில் ஓட்ட மட்டும். காரோடு வந்த ஸ்டாக் ஈசியுவை ரீமேப் செய்தால், அதாவது உள்ளிருக்கும் எண்களை மாற்றி எழுதினால் போதுமா, பிக்கிபேக் போடலாமா, ஸ்டாண்ட்அலோன்தான் வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கோவையில் இதே எஞ்சினில் இதே வேலையைச் செய்தவன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஸ்டாண்ட்அலோன் வாங்குங்கள், அதாவது ஸ்டாக் ஈசியுவுக்குப் பதிலாக எஞ்சினை முழுதாக நடத்தும் தனி ஈசியு. டர்போ இல்லாத காருக்கு எழுதப்பட்ட ஸ்டாக் ஈசியுவின் டேபிள், வெளிக்காற்றின் அழுத்தத்தோடு, அதாவது ஏறக்குறைய 100 கிலோபாஸ்கலோடு முடிந்துவிடும். அரை பார் பூஸ்ட் என்றால் மேனிஃபோல்டில் (எஞ்சினுக்குக் காற்று போகும் குழாய்) 150 வரும். அங்கே எவ்வளவு பெட்ரோல், எவ்வளவு டைமிங் (ஸ்பார்க் எப்போது அடிக்க வேண்டும்) என்று சொல்ல அந்த டேபிளில் கட்டமே இல்லை. பிக்கிபேக், சென்சார் சொல்வதைத் திரித்து ஸ்டாக் ஈசியுவிடம் கொடுக்கும் பெட்டி. ஃபில்டரும் எக்ஸாஸ்ட்டும் மட்டும் மாற்றிய காருக்கு அது நல்ல தேர்வு. பூஸ்டில் பிஸ்டனைக் காப்பாற்ற அதை நம்ப மாட்டேன்.

சரி, எந்த பிராண்ட்? ஹால்டெக், லிங்க், எக்யூமாஸ்டர் எல்லாமே நல்லவை. ஆனால் உங்கள் காரில் த்ராட்டிலுக்கு கேபிள்தான், நான்கு சிலிண்டர்தான். எலக்ட்ரானிக் த்ராட்டிலும் இல்லை, கேம் டைமிங்கை மாற்றும் வசதியும் இல்லை. இதற்கு மெகாஸ்கொயர்ட் தாராளமாகப் போதும். ஆர்டுயினோ மெகா போர்டில் ஓடும் ஸ்பீடுயினோவும் போதும். இரண்டையும் ட்யூனர் ஸ்டுடியோ மென்பொருளில் லேப்டாப் வைத்து ட்யூன் செய்யலாம். மிச்சமாகும் பணத்தில், காற்று-பெட்ரோல் கலவையை அளக்க நல்ல வைட்பேண்ட் ஆக்ஸிஜன் சென்சாரும், எஞ்சின் சக்தியை அளக்கும் டைனோவில் ஒரு முழு நாளும் வாங்கிவிடுங்கள். அதைவிட முக்கியம், உங்களுக்கு ட்யூன் செய்யப்போகிறவர் எந்த ஈசியுவில் கை பழகியவர் என்று முதலில் கேளுங்கள். அவருக்கு லிங்க்தான் தெரியும் என்றால் லிங்க் வாங்குவதுதான் சரி.

எதை வாங்கினாலும், கிராங்க்ஷாஃப்ட் சுழல்வதைப் பல் சக்கரத்தில் படிக்கும் கிராங்க் சென்சாரின் சிக்னலை ஒவ்வொரு பல்லாக ஸ்கிரீனில் காட்டும் வசதி அதில் இருக்க வேண்டும். இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது.

என் காரில் கிராங்க் புல்லியோடு 36-1 சக்கரம் பொருத்தினேன். பத்து டிகிரிக்கு ஒரு பல், ஓரிடத்தில் மட்டும் பல் இருக்காது. அந்த இடைவெளியை வைத்துத்தான் கிராங்க் எங்கே நிற்கிறது என்று ஈசியு கண்டுபிடிக்கும். எஞ்சின் முதல் முயற்சியிலேயே கிளம்பியது, ஐடிலும் அழகாக நின்றது. ஆனால் 4,500 ஆர்பிஎம் தாண்டினால் யாரோ சாவியை அணைத்தது போல ஒரு வெட்டு. பெட்ரோல் பம்ப், பிளக், காயில் என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்து இரண்டு வாரம் போனது. பிறகு டைமிங்கை 10 டிகிரியில் பூட்டிவிட்டு, ஸ்பார்க் வரும்போதெல்லாம் மின்னும் டைமிங் லைட்டைப் புல்லியில் அடித்தபடி ஆக்ஸிலரேட்டரை மெதுவாக ஏற்றச் சொன்னேன். அசையாமல் நிற்க வேண்டிய வெள்ளைக் கோடு ஆர்பிஎம் ஏற ஏற நகர்ந்துகொண்டே போனது. அந்தச் சென்சார் சிக்னலின் பதிவான பல் லாகை எடுத்துப் பார்த்தால், இடைவெளி ஒன்றாகத் தெரிய வேண்டிய இடத்தில் சிக்னல் குழம்பிக் கிடந்தது.

அது இரண்டு வயர் உள்ள காந்த சென்சார். பல்லின் நடுப்பகுதி எதிரே வரும்போது அதன் வோல்டேஜ் செங்குத்தாகப் பூஜ்யத்தைக் கடக்கும். ஈசியு பிடிக்க வேண்டியது அந்தத் தருணத்தை. வயர் இரண்டையும் நான் மாற்றிக் கொடுத்திருந்ததால் அது தவறான சரிவைப் பிடித்துக்கொண்டிருந்தது. மாற்றிக் கொடுத்தேன், கோடு ஆணி அடித்தது போல நின்றது. கோடு அப்படி நகரும் நிலையில் பூஸ்ட் ஏற்றியிருந்தால் லேப்டாப்பில் ஒரு டைமிங்கும் சிலிண்டருக்குள் வேறொரு டைமிங்கும் ஓடியிருக்கும். பிஸ்டன் உருகுவது இப்படித்தான். பூஸ்டுக்கு முன்னால் டைமிங் லைட் சோதனையைச் செய்யாமல் விடாதீர்கள்.

மற்றவற்றில் சில. பழைய ஜப்பானிய டர்போ கார்களின் இஞ்செக்டர்கள் மலிவாகக் கிடைக்கும், அவற்றில் பல 2, 3 ஓம்தான்; தொடரில் ரெசிஸ்டர் இல்லாமல் இணைத்தால் ஈசியுவில் இஞ்செக்டரை இயக்கும் டிரைவர் சர்க்யூட் எரிந்துபோகும். 12 ஓம் பக்கம் உள்ளதைத் தேடுங்கள். மேனிஃபோல்டின் அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சார் 250 கிலோபாஸ்கல் வரை படிக்க வேண்டும். ஏசியை வைத்துக்கொள்வதாக இருந்தால், ஏசி சுவிட்சின் வயரையும் ஈசியுவுக்குக் கொண்டுபோங்கள், இல்லாவிட்டால் ஏசி போட்டதும் ஐடில் விழுந்து அணைந்துவிடும்.

அப்புறம் பெட்ரோல். இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த ஈ20. சுத்தப் பெட்ரோலுக்குச் சரியான காற்று விகிதம் 14.7, இதற்கு 13.5 பக்கம். பழைய ட்யூனிங் குறிப்புகளில் இருக்கும் எண்களை வைத்துக் குழம்பாமல் எல்லாவற்றையும் லாம்ப்டாவில், அதாவது அந்தந்தப் பெட்ரோலின் சரியான விகிதத்தோடு ஒப்பிட்ட அளவில் பாருங்கள். எந்தப் பெட்ரோலானாலும் சரியான கலவை லாம்ப்டா 1தான். டிராக்குக்கு மட்டும் என்று நீங்கள் சொன்னதும் நல்லதே. தயாரிப்பாளர் கொடுத்த அடிப்படை அம்சங்களை மாற்ற மோட்டார் வாகனச் சட்டத்தின் 52வது பிரிவு தடை போடுகிறது. செட்டிபாளையம் கரி டிராக்குக்கு டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு போய்விடுங்கள்.

வாங்கும் முன் காருக்கு அடியில் போய், உங்கள் கிராங்க் சென்சாரில் இருப்பது இரண்டு வயரா மூன்று வயரா என்று பாருங்கள். இரண்டு வயராக இருந்தால் மல்டிமீட்டரில் எத்தனை ஓம் காட்டுகிறது என்றும் கமென்டில் எழுதுங்கள். அதை வைத்து எந்த போர்டு, சென்சார் சிக்னலை அதற்குப் புரியும்படி மாற்ற எந்த கண்டிஷனர் என்று சொல்கிறேன்.