“நடங்கள்” என்று சொன்னால் போதுமா?

உடற்பயிற்சி, உணவு, வாழ்க்கைமுறை மாற்றம் பற்றிய மருத்துவ ஆய்வுக் குழுக்களில் பிசியோதெரபிஸ்டாக நெடுநாள் வேலை பார்த்திருக்கிறேன். நீங்கள் அனுப்பியவற்றில் பலருக்கும் பொருந்தும் கேள்விகளை எடுத்துக்கொண்டேன். மருந்தைக் கூட்டுவது, குறைப்பது எல்லாம் உங்கள் டாக்டரிடம் கேட்டுத்தான்.

கேள்வி: மேடம், சர்க்கரை எல்லைக்கோட்டில் இருப்பதாக ரிப்போர்ட் வந்தது. டாக்டர் “எடையைக் குறைங்க, தினம் நடங்க” என்று சொல்லி அனுப்பிவிட்டார். மாத்திரை இல்லாமல் தடுக்க முடியுமா?

முடியும். அமெரிக்காவின் நீரிழிவுத் தடுப்பு ஆய்வு முடிவு 2002இல் வெளிவந்தது. உங்களைப் போல எல்லைக்கோட்டில் இருந்த 3,234 பேரைக் குலுக்கல் முறையில் மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை, இன்னொன்றுக்கு மருந்தில்லாத வெற்று மாத்திரை, மூன்றாவதற்கு வாழ்க்கைமுறைப் பயிற்சி. எடையில் 7 சதவீதம் குறைய வேண்டும், வாரம் 150 நிமிடம் வேகநடை அளவுக்கு உடல் அசைய வேண்டும் என்பதே பயிற்சிக் குழுவின் இலக்கு. 100 பேருக்கு ஓராண்டில் எத்தனை பேருக்குச் சர்க்கரை நோய் வந்தது என்று பார்த்தால், வெற்று மாத்திரையில் 11, மெட்ஃபார்மினில் சுமார் 8, பயிற்சியில் சுமார் 5.

செய்திகளில் இந்தக் கணக்கு வந்துவிடும், அதற்குப் பின்னால் இருப்பது வராது. மாத்திரைக் குழுக்கள் இரண்டுக்குமே நல்ல உணவு, நடை பற்றிய அறிவுரையை எழுதிக் கொடுத்தார்கள். வருடத்துக்கு ஒருமுறை 20, 30 நிமிடம் உட்கார வைத்துப் பேசவும் செய்தார்கள். உங்கள் டாக்டர் சொன்னதை அவர்களும் கேட்டிருக்கிறார்கள். பயிற்சிக் குழுவில் ஒவ்வொருவருக்கும் ஒரு பயிற்றுநர் இருந்தார், முதல் ஆறு மாதத்துக்குள் 16 பாடங்கள், அப்புறமும் விடாத தொடர்பு. வித்தியாசம் அங்கேதான் வந்தது. அதனால் டாக்டரிடம் திரும்பப் போய், “என்னைத் தொடர்ந்து யார் பார்ப்பார்கள்?” என்று கேளுங்கள். உணவு ஆலோசகரிடம் மாதாமாதம் போக வழி இருந்தால் விடாதீர்கள்.

கேள்வி: அப்பாவுக்குப் பல வருடமாகச் சர்க்கரை, இன்சுலின் போடுகிறார். உணவைக் குறைத்தே நோயை விரட்டலாம் என்று ஒரு ஆய்வு சொல்கிறதாமே?

பிரிட்டனில் நடந்த டைரக்ட் ஆய்வைத்தான் சொல்கிறீர்கள். மூன்று முதல் ஐந்து மாதம் வரை ஒரு நாளைக்குச் சுமார் 850 கலோரிக்குள் திரவ உணவு, பிறகு மெல்ல மெல்ல வழக்கமான சாப்பாடு. ஓராண்டு முடிவில் 46 சதவீதம் பேருக்கு மருந்தில்லாமலே சர்க்கரை கட்டுக்குள் இருந்தது. இரண்டாம் ஆண்டில் அது 36 சதவீதம் ஆனது. நல்ல முடிவு, சந்தேகமில்லை.

ஆனால் நோய் கண்டு ஆறு வருடத்துக்கு மேல் ஆனவர்களை அதில் சேர்க்கவில்லை. இன்சுலின் போடுபவர்களையும் சேர்க்கவில்லை. உங்கள் அப்பா இரண்டு காரணத்தாலும் அதற்கு வெளியே இருக்கிறார். இன்சுலின் அளவை மாற்றாமல் சாப்பாட்டை மட்டும் குறைத்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். தயவுசெய்து வீட்டில் முயற்சி செய்ய விடாதீர்கள்.

கேள்வி: அம்மாவுக்குப் பெருங்குடல் புற்றுநோய். ஆபரேஷன், கீமோ எல்லாம் முடிந்துவிட்டது. ஓய்வெடுக்கட்டும் என்கிறார்கள் உறவினர்கள். நடக்கச் சொல்லலாமா?

அம்மாவுக்கு என் அன்பு. இந்தக் கேள்விக்கு 2025இல் அருமையான விடை கிடைத்திருக்கிறது. சேலஞ்ச் என்ற ஆய்வில், அம்மாவைப் போலவே கீமோ முடித்த 889 பெருங்குடல் புற்றுநோயாளிகள் கலந்துகொண்டார்கள். பாதிப் பேருக்கு ஆரோக்கிய வழிகாட்டிப் புத்தகங்கள் மட்டும். மீதிப் பேருக்கு மூன்று வருடம், கூடவே நின்று நடத்திய உடற்பயிற்சித் திட்டம். கேட்டது பெரிதாக ஒன்றுமில்லை, ஏற்கெனவே செய்வதற்கு மேல் வாரத்தில் மூன்று நான்கு நாள், முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேர வேகநடை. எட்டு வருடம் கழித்துப் பார்த்தபோது பயிற்சி செய்தவர்களில் 90 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள், புத்தகம் மட்டும் வாங்கியவர்களில் 83 சதவீதம். இங்கும் அதே கதைதான் பாருங்கள், புத்தகம் தனியாகப் போதவில்லை.

பயிற்சிக் குழுவில் தசை, மூட்டு வலி கொஞ்சம் அதிகமாக வந்தது. அதனால் புற்றுநோய் டாக்டரின் சம்மதத்தோடு பிசியோதெரபிஸ்டிடம் தொடங்குங்கள். முதல் சில வாரம் வீட்டிலிருந்து ஒருவர் அம்மாவோடு சேர்ந்து நடக்கட்டும்.

கேள்வி: பொட்டாசியம் கலந்த உப்பு பிரஷருக்கு நல்லதா?

நல்லது. சீனாவில் ஏறக்குறைய 21,000 பேரிடம் நடந்த ஆய்வில் பக்கவாதம் 14 சதவீதம் குறைந்தது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும், உடலில் பொட்டாசியத்தைத் தக்கவைக்கும் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் இது ஆகாது.

கேள்வி: இன்று நல்லது என்கிறார்கள், நாளை கெட்டது என்கிறார்கள். எந்த ஆய்வை நம்புவது?

1953இல் ஜெர்ரி மாரிஸ் என்ற மருத்துவர் லண்டன் பஸ் ஊழியர்களைப் பற்றி எழுதினார். நாள் முழுக்க மாடி பஸ்ஸில் படியேறி இறங்கும் கண்டக்டர்களைவிட உட்கார்ந்தே இருக்கும் டிரைவர்களுக்கு இதயநோய் அதிகம். உடலுழைப்பு இதயத்தைக் காக்கும் என்ற எண்ணத்துக்கு அது பெரிய தொடக்கம். ஆனால் அவர் அதோடு நிற்கவில்லை. ஊழியர்களின் சீருடை அளவுகளைத் தேடி எடுத்துப் பார்த்தார். டிரைவர்களின் இடுப்பளவு இளம் வயதிலேயே பெரிதாக இருந்தது. அப்படியென்றால் ஏற்கெனவே பருமனாக இருந்தவர்கள் டிரைவர் வேலைக்குப் போயிருக்கலாம் இல்லையா? தன் முடிவைத் தானே உலுக்கிப் பார்த்த அந்த நேர்மைக்காகவே எனக்கு அவரைப் பிடிக்கும்.

“இதைச் சாப்பிடுபவர்களுக்கு அது வருவதில்லை” என்று படித்தால் இந்த இடுப்பளவை நினைத்துக்கொள்ளுங்கள். அவரவர் பழக்கத்தைக் கவனித்துச் சொன்னார்களா, குலுக்கிப் பிரித்துச் சோதித்தார்களா என்று பாருங்கள். பீட்டா கரோட்டின் என்ற சத்து நிறைந்த காய்கனிகளைச் சாப்பிடுபவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறைவு என்பது கவனித்துச் சொன்னது. அதையே மாத்திரையாக்கிப் புகைபிடிப்பவர்களுக்குக் குலுக்கல் முறையில் கொடுத்தபோது புற்றுநோய் கூடியது.

கேள்வி: எனக்கு நாள்பட்ட சோர்வு நோய். கொஞ்சம் கொஞ்சமாக உடற்பயிற்சியைக் கூட்டச் சொன்னார்கள். செய்த மறுநாள் எழுந்திருக்கவே முடியவில்லை. நான்தான் சோம்பேறியா?

இல்லை, நிச்சயமாக இல்லை. உழைத்தபின் இப்படி மோசமாவதுதான் இந்த நோயின் அடையாளமே. முன்பு அப்படிக் கூட்டச் சொல்வது வழக்கமாக இருந்தது. 2021இல் பிரிட்டனின் நைஸ் அமைப்பு வழிகாட்டுதலைத் திருத்தி, இந்த நோய்க்கு அந்த முறையைக் கொடுக்கக் கூடாது என்றது. உங்கள் சக்தி எவ்வளவோ அதற்குள் வேலைகளைப் பிரித்துக்கொள்ளுங்கள். உடற்பயிற்சி எல்லா நோய்க்கும் ஒரே மாதிரி மருந்து இல்லை என்பதை இந்தத் துறையில் இருக்கும் நாங்கள்தான் உரக்கச் சொல்ல வேண்டும்.

கேள்வி: ஓர் ஆய்வில் சேரக் கூப்பிடுகிறார்கள். குலுக்கலில், புதிய சிகிச்சை கிடைக்காத ஒப்பீட்டுக் குழுவில் விழுந்தால் எனக்கு என்ன பயன்?

அந்தக் குழு இல்லையென்றால் மேலே சொன்ன எந்த எண்ணும் நமக்குத் தெரிந்திருக்காது. கையெழுத்துப் போடும் முன் மூன்றைக் கேளுங்கள்: ஒப்பீட்டுக் குழுவுக்கு என்ன கவனிப்பு உண்டு, நடுவில் விலகினால் என் வழக்கமான சிகிச்சை பாதிக்குமா, பயிற்சி பலித்தால் கடைசியில் எங்களுக்கும் தருவீர்களா? முதலில் சொன்ன அமெரிக்க ஆய்வில், பயிற்சியின் பலன் தெளிவானதும் ஆய்வை முன்கூட்டியே நிறுத்தி, எல்லாக் குழுவினருக்கும் அந்தப் பயிற்சியைக் கொடுக்க முன்வந்தார்கள்.