ரெண்டு பிள்ளைங்க, ஒரே வைஃபை, பொண்ணு மட்டும் ஏன் இப்படி?

கேள்வி: மேடம், என் பையன் வேலை முடிஞ்சு வந்து கொஞ்ச நேரம் ரீல்ஸ் பாப்பான், அப்புறம் போன வச்சிட்டு தூங்கிடுவான். காலேஜ் படிக்கிற பொண்ணுதான் இன்ஸ்டாகிராம்ல ஒரு போட்டோ போட்டுட்டு யாரு லைக் போட்டா யாரு போடலன்னு ராத்திரி ரெண்டு மணிக்கும் எடுத்து எடுத்து பாக்குறா, புடுங்கினா ஒரே அழுகை. ரெண்டு பேரையும் ஒரே மாதிரிதான வளத்தேன்?
- ஒரு வாசகி, திருச்சி

பதில்: உங்க வளர்ப்புல குறை தேடாதீங்கம்மா. பிள்ளைங்களோட சுபாவத்துக்கும் இதுக்கும் தொடர்பு இருக்கு. 2012ல நார்வே பெர்கன் பல்கலைக்கழகத்த சேர்ந்த ஆண்ட்ரியாசன் குழு 423 மாணவர்கள்கிட்ட ஃபேஸ்புக் பழக்கத்த அளந்து பாத்தாங்க, அதுல எதுக்கெடுத்தாலும் பதட்டப்படுறவங்களுக்கும் எல்லார்கிட்டயும் கலகலன்னு பழகுறவங்களுக்கும் ஃபேஸ்புக்குக்கு அடிமையாகுற மார்க் கூடுதலா வந்துச்சு, எடுத்த வேலைய ஒழுங்கா நேரத்துக்கு முடிக்கிறவங்களுக்கு கம்மியா வந்துச்சு. குணம்தான் காரணம்னு இத வச்சு அடிச்சு சொல்ல முடியாது, ரெண்டும் சேர்ந்து வருதுங்குறதுதான் தெரியுது.

நீங்க எழுதினத வச்சு பாத்தா உங்க பொண்ணு ஜாலிக்காக போன எடுக்குற மாதிரி எனக்கு தெரியல. நம்மள யாருக்கும் பிடிக்கலையோன்னு ஒரு பயம், எடுத்து பாத்தா ஒரு நிமிஷம் நிம்மதி, மறுபடி அதே பயம். அப்படிப்பட்ட பிள்ளைகிட்ட போன புடுங்கினா பதட்டம் இன்னும் ஏறத்தான் செய்யும், அத திமிருன்னு மட்டும் நினைச்சிடாதீங்க, அண்ணன பாருன்னு ஒப்பிட்டு பேசவே பேசாதீங்க, ப்ளீஸ்.

யாரு லைக் போடலன்னா அவளுக்கு ரொம்ப வலிக்குதுன்னு பக்கத்துல உக்காந்து கேளுங்க. பெரும்பாலும் ஒண்ணு ரெண்டு பேர்தான் இருப்பாங்க, பேச வேண்டிய விஷயமே அங்கதான் இருக்கும். அவ சம்மதத்தோட லைக் எண்ணிக்கைய மறைச்சு வைங்க, இன்ஸ்டாகிராம்லயே அதுக்கு செட்டிங் இருக்கு, நோட்டிஃபிகேஷனையும் ஆஃப் பண்ணுங்க. ராத்திரி எல்லார் போனும் ஹால்லதான் சார்ஜ் ஆகணும், உங்க போனும்தான்.

நிறைய நேரம் பாத்தாலே அடிக்‌ஷன் ஆயிடாது. சதா அதே நினைப்பு, கவலைய மறக்க அதையே தேடுறது, பாக்குற நேரம் கூடிக்கிட்டே போறது, குறைக்க நினைச்சும் முடியாம போறது, இல்லன்னா தவிக்கிறது, படிப்பு கெடுறது, இந்த ஆறையும்தான் அதே பெர்கன் குழு உருவாக்குன அளவுகோல் கேக்குது. இதுல பல விஷயம் அவகிட்ட இருந்தாலோ, தூக்கம் சாப்பாடு கெட்டாலோ மனநல மருத்துவர்கிட்ட கூட்டிட்டு போங்க. தயக்கமா இருந்தா முதல்ல அரசோட மனநல உதவி எண் டெலி மானஸ் 14416க்கு போன் பண்ணுங்க, இலவசம், தமிழ்லயே பேசலாம்.