நீச்சல் போட்டியில் ஜெயிக்க இயற்கைத் திறமை முக்கியமா, பயிற்சி முக்கியமா?

என்னைக் கேட்டால் பயிற்சிதான். அமெரிக்க நீச்சல் வீரர் மைக்கேல் ஃபெல்ப்ஸ் பேரைச் சொன்னதும் எல்லாரும் அவர் உடல்வாகைத்தான் பேசுவார்கள். உயரம் 193 செ.மீ., இரண்டு கையையும் விரித்தால் அதைவிட நீளம், சரி, அது பெரிய சாதகம்தான். ஆனால் 2000 சிட்னி ஒலிம்பிக்கில் 200 மீட்டர் பட்டர்ஃப்ளை நீச்சலில் (இரண்டு கையையும் ஒன்றாக வீசி நீந்தும் முறை) அவருக்குக் கிடைத்தது ஐந்தாம் இடம். 15 வயதுப் பையனுக்கு அதுவே பெரிது, பதக்கம் மட்டும் இல்லை. அப்புறம் பயிற்சியாளர் பாப் போமனிடம் ஞாயிற்றுக்கிழமைகூட விடாமல் வருடக்கணக்கில் நீந்தித்தான் 2008 பெய்ஜிங்கில் 8 தங்கம் வாங்கினார். தண்ணீரில் தலையைக் கொஞ்சம் தூக்கினாலே இடுப்பு கீழே இறங்கி, எதிர்ப்பு கூடி, வேகம் போய்விடும், அதைச் சரிசெய்ய நீளமான கை உதவாது, திரும்பத் திரும்ப நீந்திப் பழகத்தான் வேண்டும். ஆனால் ஒலிம்பிக் இறுதிப்போட்டியில் நிற்கும் எட்டுப் பேருமே அப்படி உழைத்தவர்கள் என்பதால், உடல்வாகு நிஜமாகவே வித்தியாசம் காட்டுவது அங்கேதான்.